முதல் வெட்டு

ஜூலை 15, செவ்வாய்

கூட்டத்தில் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து எழுதுவது கோழைத்தனம்தான். திலகா டீச்சர், இதுதானா உன் வீரம்?

ஆங்கிலப் பாடத்தில் பண்பாட்டைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு. கிரிதரன் சார் சிரித்தார். "தோசை, சேலை, தீபாவளி போதும்லா. படம் ஒட்டிட்டுப் போயிடலாம்." பாடத்தலைவர் சிந்துஜா டீச்சருக்கு அதுவும் வேண்டாம். "புத்தகத்துல லண்டன் பஸ் இருக்கு. அது யாரையும் கடிக்காது. எஸ்டேட்ட உள்ள விட்டீங்கன்னா பாராங் கத்தியோட வரும்."

லண்டன் பஸ்ஸைப் பற்றிப் பிள்ளைகள் என்ன பேசுவார்கள்? எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் படித்த எந்த வகுப்பிலும் நான் வளர்ந்த எஸ்டேட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இதைச் சொல்லியிருக்கலாம். நாளை வகுப்பில் செய்தே பார்க்கிறேன்.

ஜூலை 16, புதன்



முனியாண்டி பூசையைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். இதுவரை வாயே திறக்காத மாதவி எழுந்தாள். "முதல் கிடாயை வெட்டுவது என் அப்பாதான்" என்றாள் — முழு வாக்கியம், ஒரு பிழை இல்லை. கைதட்டினேன். ஏன் தட்டினேன்?

பின் பெஞ்சிலிருந்து பாய்ந்து வந்த குமுதவல்லி இரும்புத் தண்ணீர்ப் போத்தலால் அவள் வாயில் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். "எங்கப்பா வெட்டுடி அது! உங்கப்பன் புடுங்கிக்கிட்டான்!" பல் ஒன்று மேசையில் விழுந்தது. இழுத்துப் பிடித்த என் கையையும் கடித்தாள்.

நான் வளர்ந்த சுவா எஸ்டேட்டில், எங்கள் கோவிலில், யார் வெட்டினாலும் ஒன்றுதான். இந்தத் தோட்டத்தில் அது இரண்டு குடும்பத்தின் மானமாம். கேட்டிருக்கலாமே — ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

ஜூலை 17, வியாழன்

நேற்று மாலை மாதவியின் அப்பா தங்கராஜு, குமுதவல்லியின் அப்பா மணியத்திடம் நியாயம் கேட்கப் போயிருக்கிறார். மணியம் பாராங் கத்தியை வீசிவிட்டார். தங்கராஜுவின் வலது கையில் விரல்கள் போய்விட்டன. மணியம் லாக்கப்பில்.

ஜூலை 18, வெள்ளி

சிந்துஜா டீச்சர் கத்தவில்லை. "சொன்னேன்ல, திலகா. இனி புத்தகம் மட்டும்."

தலையாட்டினேன். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் நாங்கள் லண்டன் பஸ்ஸைப் படித்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அந்தச் சண்டை பின் பெஞ்சில் உட்கார்ந்துதானே இருந்தது?

குமுதவல்லி வரவில்லை. பள்ளி பஸ் நிற்பது தங்கராஜு வீட்டு வாசலில். அவர் தம்பிகள் கட்டையோடு அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். "வரட்டும் அவ. ஒரு பல்லு மிஞ்சாது" என்றார்களாம்.

ஜூலை 20, ஞாயிறு

சிரம்பான் ஆஸ்பத்திரி. தையல் போட்ட உதட்டோடு மாதவி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலீஷ் கிளாஸ்ல எங்க சாமிய எதுக்கு டீச்சர் இழுத்தீங்க?" என்றார் தங்கராஜு.

"தெரியாமச் செஞ்சிட்டேண்ணே. தப்பு என்மேலதான்."

"இனி வெட்டறதுக்குக் கை ஏது?" சிரிக்கப் பார்த்தார். "அவனும் உள்ள இருக்கான். இந்த வருசம் யாரும் வெட்ட வேணாம்னு கோயில்ல சொல்லி அனுப்பிட்டேன்."

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கதவு வரை போய்த் திரும்பி வந்தேன்.

"அண்ணே, நாளைக்குக் காலையில குமுதவல்லிய உங்க வாசலுக்கு, பஸ் ஏத்த, நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரேன். உங்க தம்பிங்கள வீட்டுக்குள்ள போகச் சொல்லுங்க."