ஆணியில் தொங்காத சேட்டு

மச்சான்,

இன்று காலை உன் பெண்சாதி, அதுதான் என் தங்கச்சி, பழைய அலுமாரியைத் துப்புரவாக்கக் கிளம்பினாள். கடல் வந்து வீட்டுச் சாமானில் பாதியைக் கொண்டுபோனபோதும் போகாமல் நின்ற அலுமாரி. நான் முன்வாசலில் கதிரையைப் போட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பூச்சி உருண்டை வாசம் வந்தது. அதோடு மில் பெல்ட்டுக்குப் பூசுகிற மெழுகின் வாசமும் வந்ததுபோல் எனக்குப் பட்டது. நாற்பது வருசத்துக்கு ஒரு வாசம் நிற்குமா? நிற்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பேப்பரைத் தாழ்த்தினேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு வெள்ளைச் சேட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முழுக்கைச் சேட்டு. வலது கையின் நுனியில் நாலு விரல் அகலத்துக்குத் துணி இல்லை.

"இது என்ன காக்கா, கை நுனியக் காணல்ல?" என்று அண்ணனான என்னிடம் கேட்டாள்.

"எலி கடிச்சிரிக்கும். மடிச்சி வெச்சிட்டு வேலையப் பாரு" என்றேன்.

அந்தச் சேட்டைப் பற்றி நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யை உனக்குத்தான் சொன்னேன். அதனால்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிந்தவூரில் வயல் வட்டைப் பக்கம் நின்ற அந்த நெல் மில் இப்போது இல்லை மச்சான். புகைபோக்கியும் இல்லை, நெல் காயப்போட்ட தளமும் இல்லை. யாரோ கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் பஸ் போகும்போது நான் கடல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்குள் மட்டும் அந்த எஞ்சின் இன்னும் ஓடுகிறது. சூறாவளி தென்னைகளை முறித்துப்போட்டதற்கு அடுத்த பெரும்போகத்தில்தானே மில் முதலாளி ஹாஜியார் அதை வாங்கி இறக்கினார். கிழட்டு எஞ்சின். ஒருமுறை நிப்பாட்டினால் திரும்ப எழுப்ப அரை மணித்தியாலம் வேண்டும், சக்கரத்தைச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். அதிலிருந்து மேலே ஓடுகிற அந்த அகலப் பெல்ட், ஆள் கை படுகிற உயரத்தில், ஒரு மறைப்பும் இல்லாமல் ஓடும். பெல்ட்டைப் பார்க்கிற வேலை உனக்கு. மில்லை மேய்க்கிற வேலை எனக்கு. மேய்த்தேன் என்று சொல்ல வாய் கூசுகிறது.

முதலில் உன் சாரன் நுனி போனது. மெழுகு பூசக் குனிந்தபோது காற்றுக்குப் பறந்த நுனியைப் பெல்ட் பிடித்து ஒரு முழத்தைக் கிழித்துக்கொண்டு போனது. நீ நின்ற இடத்திலேயே நின்றாய். நாங்கள் ஓடிவந்து பார்த்தோம். ஒரு கீறல் இல்லை. உன் கோலத்தைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம். சத்தம் கேட்டு வந்த ஹாஜியார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். உடனே கடைக்கு ஆள் அனுப்பி ஒரு குலை வாழைப்பழமும் சீனியும் எடுப்பித்தார். பள்ளி லெப்பையைக் கூப்பிட்டு ஒரு பாத்திஹா ஓதுவித்து, அந்தப் பழத்தையும் சீனியையும் எல்லாருக்கும் நார்சாவாகக் கொடுத்தார். "வந்த ஆபத்து, பலா முஸீபத்து எல்லாம் நீங்கிட்டு. இனிப் பயமில்ல, வேலையப் பாருங்க" என்றார்.

அது எங்கள் மில்லின் வழக்கமாகிப் போனது, உனக்கு ஞாபகம் இருக்கும். எவனாவது தப்பினால் பழமும் சீனியும். பழம் தின்று கையைக் கழுவினால் அந்தக் கதை முடிந்தது. மூட்டை தூக்குகிறவன் ஒருவனின் செருப்பை எஞ்சின் சக்கரம் இழுத்துப் பாதியாகத் துப்பிய அன்றும் நார்சா. பெல்ட்டின் இரண்டு நுனியையும் பிணைக்கிற மூட்டுக் கொக்கி ஒன்று கழன்று பறந்து, என் தலைக்கு மேலே சுவரில் குத்தி நின்ற அன்றும் நார்சா. அன்று நான் இரண்டு பழம் கூடத் தின்றேன்.

நீ மட்டும் தின்னவில்லை. அந்தக் கொக்கியைச் சுவரிலிருந்து பிடுங்கினாய். பெல்ட்டுக்கு எதிரே ஒரு நாலங்குல ஆணியை அறைந்து அதில் மாட்டினாய். அரைச் செருப்பைத் தேடி எடுத்து அதையும் மாட்டினாய். வீட்டுக்குப் போய், என் தங்கச்சி கரித்துணியாக்கி வைத்திருந்த சாரன் துண்டைக் கொண்டுவந்து அதையும் கட்டித் தொங்கவிட்டாய்.

"என்னடா இது, பழைய துணிக்கடையா?" என்று கேட்டேன்.

"மறந்திரக் கூடா மச்சான், அதுக்குத்தான்."

"அதுதான் பலா போயிட்டே. ஹாஜியார் சென்னது கேக்கல்லியா?"

"எங்க போயிட்டு? வந்து ஆளப் பாத்துட்டுப் போயிரிக்கி. திரும்பியும் வரும்" என்றாய்.

நான் சிரித்தேன். மற்றவர்களும் சிரித்தார்கள். உனக்கு ஆணிக் காக்கா என்று பேரும் வைத்தார்கள். நீ கோபப்படவில்லை. ஒவ்வொரு காலையும் எஞ்சின் எழும்புமுன் பெல்ட்டை விரலால் தடவித் தடவிப் பார்ப்பாய். மூட்டுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாய். மெழுகு பூசும்போது எஞ்சினை நிப்பாட்ட வேண்டும், பெல்ட்டைச் சுற்றிப் பலகை அடிக்க வேண்டும் என்று இரண்டே இரண்டு விசயம் கேட்டாய். எத்தனை தரம் கேட்டாய்! நான் ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "நெல் வெட்டு முடியட்டும் மச்சான்." பெரும்போக வெட்டு முடிந்தால் சிறுபோகம் வந்தது. பலகை எங்கேயும் ஓடிப்போகாது என்று நினைத்தேன்.

உன் வாய் அடங்காததால் ஒன்று மட்டும் செய்தேன். ஓடுகிற பெல்ட்டுக்கு மேலே ஒருத்தரும் கையை நீட்டக் கூடாது, நீட்டினால் அன்றோடு வேலை இல்லை என்று எல்லாரையும் கூட்டி வைத்துக் கத்தினேன். அதற்கே உனக்கு எவ்வளவு சந்தோசம்! வீட்டில் போய் என் தங்கச்சியிடம், "உன்ட காக்காக்குப் புத்தி வந்திட்டு புள்ள" என்று சொன்னாயாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும் என்று புது வெள்ளைச் சேட்டோடு மில்லுக்கு வந்தேன். மாசி மாதம். வாடைக்காற்று. முற்றத்தில் நின்றவர்கள் தலையைத் துவாயால் சுற்றிக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் எழும்பி ஒரு மணித்தியாலம் இருக்கும். எண்ணெய்க் குவளை பெல்ட்டுக்கு அந்தப் பக்கத் தட்டில் இருந்தது. சுற்றிப் போனால் பத்து அடி. நான் சுற்றிப் போகவில்லை. ஓடுகிற பெல்ட்டுக்கு மேலால் கையை நீட்டினேன்.

என்ன நடந்தது என்று தெரியுமுன் நடந்து முடிந்தது. ஒரு இழுப்பு. துணி கிழிந்த சத்தம். கை என்னிடம் திரும்பி வந்துவிட்டது. மூட்டுக் கொக்கி ஒன்று நிமிர்ந்திருந்தது மச்சான். காலையில் நீ தடவிப் பார்த்தபோது அது நிமிரவில்லை. ஓட்டத்தில்தான் எழும்பியிருக்கிறது. பெல்ட் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது. சேட்டுக் கிழிந்ததால் அதை அறிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. நேற்றுக் கத்தியவன் நான். இப்போது என் சேட்டுத் துண்டு அந்த ஆணியில் தொங்கும். மூட்டை தூக்குகிறவன் முதற்கொண்டு சிரிப்பான். எஞ்சின் நின்றால் ஜும்ஆவுக்கு முன் அந்த நெல் குத்தி முடியாது என்றும் நினைத்தேன். ஆனால் பெரிசு வெட்கம்தான். பொய் சொல்ல மாட்டேன், இனி என்ன பொய். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் மடித்துவிட்டேன். கிழிசல் உள்ளே போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கு எப்படியும் மில் நிற்கும், பிறகு நானே பார்த்துக் கொக்கியை மாற்றிவிடலாம் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

நீ களஞ்சியப் பக்கமிருந்து வந்தாய். என்னைப் பார்த்து நின்றாய்.

"என்ன மச்சான், கைய மடிச்சிரிக்காய்? வெக்கையா?"

"ஓம் மச்சான். வெக்கை."

"வாடை இந்த அடி அடிக்கிது, உனக்கு வெக்கையா! புது மாப்புள மாதிரி" என்று சிரித்துவிட்டுப் போனாய். ஒரு கணம் என் கையைப் பார்த்த மாதிரியும் இருந்தது. இன்னும் ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. என்னை நம்பினாய்.

பதினொன்றரை மணிக்குப் பெல்ட் வழுக்கியது. ஓட்டத்திலேயே மெழுகு பூசு என்று கத்தினேன். சாக்குத் துண்டில் மெழுகைப் பிடித்துக்கொண்டு நீ போனாய். சாரனை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் போனாய். நிமிர்ந்து நின்ற கொக்கி சாக்கைப் பிடித்தது. சாக்கு உன் கையைச் சுற்றிக்கொண்டது. அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், சாய்ந்தமருதுச் சந்தியில், என் மடியில் நீ மௌத்தாகிப் போனாய். ஜும்ஆ பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் ஓதுகிற உன் கத்தத்துக்கு முன்னமே பெல்ட்டைச் சுற்றிப் பலகை அடித்தாகிவிட்டது. அரைநாள் வேலை மச்சான். வெறும் அரைநாள். ஹாஜியார் கத்தத்தில் அழுதழுது பழமும் சீனியும் பங்கிட்டார். எல்லாரும் கத்ரு என்றார்கள், அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். என் தங்கச்சி உனக்காக இத்தா மறைவில் இருந்த அறையிலிருந்து அதையே சொன்னாள். நானும் தலையை ஆட்டினேன். அவன் நாட்டமில்லாமல் ஒன்றும் நடக்காது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வெக்கையா என்று கேட்டது நீ. ஓம் என்று சொன்னது நான்.

இவ்வளவையும் எழுதி நிறுத்திவிட்டு, லுஹர் தொழுதேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன். சேட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முக்காட்டு நுனியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் உங்களுக்கிட்ட கேட்டாரா?" என்றாள்.

"கேட்டான் புள்ள."

"நீங்க கையக் காட்டியிருந்தா?"

"எஞ்சின நிப்பாட்டியிருப்பான்."

"ஓம். நிப்பாட்டியிருப்பார்" என்றாள். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பின்னேரம் அஸருக்குப் பிறகு வழக்கம்போல் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வழக்கமாக, "காக்கா, ஆறிப்போகும், குடிங்க" என்பாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறித்தான் போனது.

உன் ஆணியை மில் இடித்த அன்று போய்ப் பிடுங்கிக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அதை இப்போது என் கதிரைக்கு எதிரே சுவரில் அறைந்திருக்கிறேன். சுத்தியல் பிடிக்கக் கையில் சத்தில்லை, ஆணி கொஞ்சம் சரிந்துவிட்டது. கிழிந்த கை வெளியே தெரிகிற மாதிரி அந்தச் சேட்டை அதில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். அன்றைக்கு வெக்கை இல்லை மச்சான். நல்ல குளிர்.