விரிசல் விட்ட தோட்டாக் கூடுகள்

ஆகஸ்டு 9, செவ்வாய்

மதியம் பிடித்த மழை நாலு மணிக்குத்தான் விட்டது. கொடியில் கிடந்த தோல் அத்தனையும் மறுபடி ஈரம். ஊரே நாறுகிறது.

மானேஜர் துரை கூப்பிட்டனுப்பினார். 20ஆம் தேதி வேலூரில் ரைபிள் போட்டி, வெள்ளிக் கோப்பை. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளில் நல்லதாகப் பொறுக்கி, மறுபடி வெடிமருந்து போட்டு, நூற்றிருபது தோட்டா வேண்டுமாம். கல்கத்தாவிலிருந்து புதுசு வர மாசம் ஒன்று ஆகும். பட்டாளத்தில் துப்பாக்கி மிஸ்திரியாக இருந்தவன் நான். அதனால் தோல் பதனிடும் இந்த ஷாப்பில் மிஷின் வேலையோடு இதுவும் என் தலையில்.

கூடுகள் இருக்கும் பெட்டி எங்கே என்று கேட்டேன். நாய்ப்பீத் தொட்டி அறையில், பரண்மேல். பங்களாவில் எண்ணெய் வாடை என்று துரைசானி முகம் சுளித்தாளாம். கோடைக்கு முன்னாலேயே இங்கே ஏற்றிவிட்டார்கள்.

அந்த அறைக்குள் நான் முடிந்தவரை போவதில்லை. சுண்ணாம்பில் ஊறிய தோல் மெத்தென்று ஆக, நாய்ப்பீயை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து அதில் போடுவார்கள். நவச்சார நெடி. கண்ணில் நீர் வரும். ஏணியில் ஏறும்போதே குமட்டல். பெட்டியைத் திறந்தால் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது.

வீட்டில் என் சம்சாரம் ரோசம்மா: "குளிச்சுட்டு உள்ள வா. இல்லன்னா தட்ட வெளிய வெக்கறேன்."

ஆகஸ்டு 10, புதன்

மப்பு. மழை இல்லை. கடைவாய்ப் பல் வலி.

சுட்ட கூடு முந்நூற்றுப் பன்னிரண்டு. புளித் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, வெயில் இல்லாததால் அடுப்பங்கரையில் காயப்போட்டேன். பார்த்த முறை (மறந்துபோகாமல் இருக்க):

வாய். நகத்தால் சுற்றித் தடவ வேண்டும். மயிரிழைக் கோடு இருந்தாலும் கழி.

அடிப்பக்கம். வெளியே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் பித்தளை இழுத்து மெலிந்துவிட்டது என்று அர்த்தம். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளத்தில் தட்டும்.

அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு உட்காரும் குழி தொளதொளத்தால் கழி.

எடை, தட்டான் தராசில். ஒரே எடையில் இருப்பது ஒரே கும்பல். கனம் மாறினால் உள்ளே மருந்துக்கு இடம் மாறும். ஒரு குண்டு மேலே போகும், ஒன்று கீழே.

ஓசை. கல்மேல் போட்டால் நல்லது கணீர். விரிசல் விட்டது ஓட்டாஞ்சில்லு மாதிரி.

தேறியது அறுபத்தி நாலு. இத்தனை கழிந்து நான் பார்த்ததே இல்லை.

இன்னொன்று. பெட்டி மூலையில் பிரிக்காத பொட்டலம் ஒன்று, ஒரு தரமும் சுடாத புதுக்கூடு இருபது. அதிலும் எட்டுக்கு வாய் பிளந்திருக்கிறது. யாரும் கை வைக்காதது. பெங்களூரில் பட்டாளத்துச் சார்ஜண்டு அடிக்கடி சொல்வான், மழைக்காலத்தில் குதிரை லாயத்துப் பக்கம் தோட்டா வைக்காதே, மூத்திர நெடி பித்தளையை அறுத்துவிடும் என்று. இங்கே லாயத்தைவிட மோசம். தேறிய அறுபத்தி நாலிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

ஆகஸ்டு 11, வியாழன்

துரையிடம் சொன்னேன். பரண், நெடி, புதுக்கூடு பிளந்தது, எல்லாம். மேஜைமேல் வைத்தும் காட்டினேன். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார்.

"தட்டான் கடை வெச்சிருக்கியா, டேனியல்? தராசெல்லாம் எதுக்கு?"

பிறகு உத்தரவு. இருக்கிற அறுபத்தி நாலு போதும், அது போட்டிக்கு, அவருக்கு. கழித்ததில் பார்வைக்கு நன்றாக இருக்கும் இருபதில் மருந்து போட வேண்டும். சனிக்கிழமை கரீம் அதைச் சுட்டு ரைபிளின் குறிமுள்ளைச் சரிபார்ப்பான்.

"அது வெடிச்சுடும் துரை."

"வெடிக்கத்தானே தோட்டா," என்றார். ஷாப் கணக்கெழுதும் ரைட்டர் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். துரை சிரித்தால் சிரிக்கும் வாய் அது.

கரீம் பாய் ஷாப்பின் காவல்காரர். நானும் அவரும் மெசபடோமியாவில் ஒரே பட்டாளம், இரண்டு வருஷம். துரையைவிட நன்றாகச் சுடுவார். கோப்பை வாங்கப்போகும் ரைபிளைச் சரிபண்ணிக் கொடுப்பது அவர்தான்.

இருபதும் போட்டுவிட்டேன். மருந்தை ஒரு சிட்டிகை கம்மியாகப் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஷாப் கேட்டில் பாய்: "இன்னா தானி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

"பல்லு வலி பாய்" என்றேன்.

ஆகஸ்டு 13, சனி

நல்ல வெயில். மலையடிவாரம்.

கரீம் பாய் கோரைப்பாயில் குப்புறப் படுத்துச் சுட்டார். ஆறு சரியாகப் போனது. ஏழாவதில் சத்தமே வேறு. ரைபிளின் பின்பக்கமாகப் புகை. ரைபிளை விட்டுவிட்டு வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் ரத்தம். கத்தவில்லை. "தண்ணி, தண்ணி" என்று மட்டும் மெதுவாக.

துரை ஓடிவந்தார். ஓடிவந்து முதலில் தூக்கியது ரைபிளை. கையால் துடைத்து, பூட்டைத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த ஆள் நிற்கிற மண்ணில் நிற்கவே அருவருப்பாக இருந்தது. துரை பக்கத்தில் நின்றிருந்தவன் நான்தான்.

வண்டியில் ஸ்டேஷன். ரயிலில் காட்பாடி, அங்கிருந்து வேலூர் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் பாயின் தலை என் மடியில். துரை பூட்டைத் திறந்தபோது விழுந்த பிளந்த கூடு என் சட்டைப்பையில். அடியில் பாதிச் சுற்று வாய் திறந்திருக்கிறது.

ஆகஸ்டு 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

கையை நாலு தரம் கழுவினேன்.

ஆகஸ்டு 15, திங்கள்

ஷாப்புக்குப் போனதும், சுடாமல் மீந்த பதிமூன்று தோட்டாவிலும் மருந்தையும் கேப்பையும் எடுத்துவிட்டுச் சம்மட்டியை எடுத்தேன். என்னிடம் இருந்த பிளந்த கூட்டைத் தவிர, கழித்த கூடு, புதுக்கூடு, அத்தனையும் பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டையாக்கினேன். பிறகு துரைக்கென்று எடுத்துவைத்த அறுபத்தி நாலும், இன்னும் மருந்து போடாதவை. ஒரு மணி நேரம் ஆனது. பாதியில் ரைட்டர் பார்த்துவிட்டு ஓடினார்.

துரை வந்தார். முகம் சிவந்து. "சனிக்கிழமை நான் எதால சுடறது?"

பாய் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதால யாரும் சுடமுடியாது துரை," என்றேன்.

வேலை போயிற்று. ரோசம்மாவிடம் சொன்னேன். என் வேலைச் சட்டையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினாள்.

ஆகஸ்டு 17, புதன்

வேலூர். காலையில் தூறல். பாய்க்கு ஆரஞ்சு வாங்கிப் போனேன்.

எனக்கு முன்னாலேயே வந்து ரைட்டர் கட்டில் பக்கத்தில். கையில் காகிதம், மைப்பெட்டி. பாயின் பெருவிரலை ஏற்கெனவே பிடித்திருந்தார்.

"வைத்திய உதவிக்கு மனு. கைநாட்டு போதும்."

பாய் விரலை இழுத்துக்கொண்டார். "தானி வந்துட்டான். அவன் படிக்கட்டும்."

"நான்தான் படிச்சுக் காட்டினேனே."

"அவன் படிக்கட்டும்."

வாங்கிப் படித்தேன். காவல்காரன் கரீம், மானேஜர் அனுமதியில்லாமல் ரைபிளை எடுத்து, தன் கவனக்குறைவால் காயம்பட்டதாக. மருந்து அளவுக்கு மிஞ்சிப் போட்டது மிஸ்திரி டேனியல் என்று கீழே ஒரு வரி.

பாயின் சம்சாரம் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். பாய் சொன்னார், "எழுந்து போங்க ரைட்டரே." ரைட்டர் மைப்பெட்டியை மூடிக்கொண்டு போனார். போகும்போது "நான் சம்பளக்காரன்" என்றார் என்னிடம். நானும் வியாழக்கிழமை மருந்து போடும்போது அதைத்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு சொல்லிவிட்டேன். கூடு கெட்டது தெரியும், தெரிந்தே போட்டேன், கேட்டில் பல் வலி என்று பொய் சொன்னேன்.

பாயின் கட்டுப் போடாத கண் மூடித் திறந்தது.

"சொல்லியிருந்தா நீங்க சுட்டிருக்க மாட்டீங்களா பாய்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ. அசிங்கம்.

"சுடறதும் சுடாததும் என் இஷ்டம். நீ சொல்லியிருக்கணும்."

பிறகு, "எழுது. மாஜிஸ்ட்ரேட்டுக்கு."

ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் காகிதம் வாங்கி எழுதினேன். பரண், நெடி, பிளந்த புதுக்கூடு, துரை சொன்னது, இருபது தோட்டா, ஏழாவது குண்டு. பிளந்த கூட்டைக் காகிதத்தோடு சேர்த்துக் கட்டினேன். பாய் கைநாட்டு வைத்தார்.

"உன் பேரு போட்டியா?"

"போட்டேன்."

"படி."

'கூடு விரிசல் என்று அறிந்தும், கரீமிடம் சொல்லாமல், டேனியலாகிய நான் மருந்து போட்டேன்' என்று படித்தேன்.

"அந்த, சொல்லாமன்னு வர்ற எடத்த இன்னொரு தரம் படி," என்றார்.