மிஷன் ஹால் வாசல்நிலையில் இருக்கும் வெட்டு

தாராவி

அன்பு மகன் ஜோஷுவாவுக்கு அம்மா எழுதுவது. உன்னையும் ஆனியையும் நான் இன்னும் தூக்கிப் பார்க்காத என் பேரனையும் ஆக்லாந்துக் குளிரில் கர்த்தர் பத்திரமாக வைத்திருப்பாராக. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முழுப் பொய்யாகிவிடும் என்று விட்டுவிட்டேன். அப்பாவுக்குச் சுகர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, என் இடது உள்ளங்கையில் தையல் போட்டிருக்கிறது, உன் ஜோன்ஸ் மாமாவுக்கு முன்பல் ஒன்று போய்விட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, தாளைப் பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். என் வாய்ஸ் மெசேஜை நீ வேகமாக ஓட விட்டுத்தான் கேட்கிறாய் என்று ஆனியே என்னிடம் சொல்லிவிட்டாள். அதனால் இதை எழுத்துக்கூட்டியாவது நீயே படி. பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் என் அப்பா பெயரை, ஞானசேகரன் என்று வைக்கப்போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நம் மிஷன் ஹாலை இடித்துக் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஹாலின் சரித்திரத்தை ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று சபையில் முடிவு செய்து, ரிட்டயரான டீச்சர் சும்மாதானே இருக்கிறாள் என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான், புத்தகத்தின் நடுப்பக்கமே என் அப்பாதானே. உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன், அசன விருந்தன்று சபையே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு கூட்டம் ஹாலை உடைக்க வந்தது, தாத்தா கறி வெட்டுகிற கத்தியோடு தனியாளாக வாசலில் நின்று விரட்டினார் என்று. வாசல்நிலையில் அன்றைக்கு விழுந்த வெட்டு இன்னும் இருக்கிறது, சின்ன வயதில் நீயும் அதற்குள் விரலை விட்டு விட்டுப் பார்ப்பாய். அந்தக் கத்தியைத்தான் சிவப்புத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்து, ஒவ்வொரு அசனத்துக்கும் முதல் கிடாயை நம் வீட்டு ஆள் கையால் வெட்ட வைக்கிறார்கள். அப்பா போன பிறகு அந்த மரியாதை என் தம்பி ஜோன்ஸுக்கு. அன்றைக்கு அவன் நடக்கிற நடையை நீ பார்க்க வேண்டுமே!

கல்யாணுக்கும் சான்பாடாவுக்கும் குடிபோய்விட்ட பழைய சபைக்காரர் வீடுகளை எல்லாம் ஏறி இறங்கினேன். கூட்டம் வந்தது, கூட்டம் வந்தது என்கிறார்களே தவிர, எங்கிருந்து வந்தது, யாருக்குக் காயம் பட்டது என்று ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. சான்பாடாவில் ஒரு பெரியவர் மட்டும், தோல் கம்பெனியில கெடந்த பூலோகம் மக பேராச்சி சுனாபட்டியில இருக்கா, அவளப் போயி கேளு என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் பைத்தியக்காரி மாதிரி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். ஞானசேகரன் மகள் என்று பெருமையாகச் சொன்னேன். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்கு ஹாலை உடைக்க வந்த கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டேன். கூட்டமா, எங்க அப்பா, எங்க அம்மா, அப்பா இடுப்புல நான், இம்புட்டுத்தான் கூட்டம் என்றாள்.

அட கர்த்தாவே, அதற்குப் பிறகு அவள் சொன்னதை எழுதவே கை வரவில்லை. பூலோகம் அந்த வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தவர். தோல் வேலை செய்கிறவனோடு ஒரே பந்தியில் எப்படி உட்காருவது என்று சபைக்குள்ளேயே பேச்சு இருந்திருக்கிறது. போதகர் அதைக் காதில் வாங்காமல் அவரைக் குடும்பத்தோடு உள்ளே வந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறார். என் அப்பா கத்தியோடு வாசலில் நின்று, உனக்கு வெளிய தாரோம், அங்கன போயி இரி என்றாராம். பாஸ்டர் ஐயா உள்ள வரச் சொன்னாவ என்று சொல்லி, பூலோகம் நிலையைப் பிடித்துக்கொண்டு படியில் கால் வைத்தார். கத்தி அந்தக் கையோடு சேர்த்து நிலையில் இறங்கியது. நாலு விரல்களும் வாசற்படியில் விழுந்து கிடந்தன. பேராச்சியின் புதுக் கவுன் எல்லாம் ரத்தம். அவள் அம்மா அலறிக்கொண்டே விரல்களைப் பொறுக்கிச் சேலை முந்தியில் முடிந்தாளாம். பந்தியில இருந்து ஒருத்தர் எந்திரிக்கல, ரசம் ஊத்திக்கிட்டுத்தான் இருந்தாவன்னு அம்மா சொல்லுவா என்றாள். கைக்குழந்தையாக நானும் அந்தப் பந்தியில் அம்மா மடியில் இருந்திருப்பேன். ஞானஸ்நானத்தில் பேராச்சிக்கு வேறு பெயர் வைத்திருந்தார்களாம், அவள் அப்பா அன்றோடு அதை வாயில் எடுக்கவில்லை. என்ன பெயர் என்று கேட்டேன், சொல்லவில்லை.

எனக்குக் காய்ச்சல் கண்டால் மழையிலும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடிய அப்பா அல்லவா அவர். உனக்குப் பட்டம் செய்து கொடுத்த தாத்தா. வெறுக்கவும் முடியவில்லை, நினைத்து அழவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஜோன்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன். ஏ அக்கா, உனக்குத் திமாக் கராப் ஆயிட்டா, கிறுக்கா பிடிச்சிருக்கு, செத்த அப்பாவ நடுரோட்டுல இழுத்துப் போடுதியா என்று கத்தி, அக்கா என்றும் பாராமல் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்துவிட்டது. நான் விடுவேனா, கையிலிருந்த டம்ளராலேயே அவன் நெற்றியில் ஒன்று போட்டேன். விலக்க வந்த உன் அப்பா இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்கும் மேல் எனக்குப் பிடிவாதம். பேராச்சியை இந்த வருஷ அசனத்துக்கு அழைத்தேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன், காலையிலேயே நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஜோன்ஸ் அப்போதுதான் முதல் கிடாயை வெட்டியிருந்தான். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் ரத்தம் சொட்டுகிற கத்தியோடு வாசலில் போய் நின்று, வெளிய போ என்றான். அவள் அதே நிலையை, அந்த வெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவன் கை ஓங்கியது. மிரட்டத்தான் ஓங்கினேன் என்று இன்று வரை சொல்கிறான், இருக்கலாம், எனக்கு அதை யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய்க் கத்தியை அலகோடு பிடித்தேன், அவன் இழுத்தான், என் உள்ளங்கை பிளந்துகொண்டது. அப்போதும் விடாமல் அவன் மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தேன், கத்தி கீழே விழுந்தது. உடனே சமையலுக்கு உதவ வந்திருந்த சபைப் பையன்கள் அவன்மேல் பாய்ந்து மிதித்த மிதியில் போதும்டா, கொன்றுவிடாதீர்கள் என்று நானே கத்த வேண்டியதாயிற்று. உரித்த வெங்காயமும் ஊறப்போட்ட அரிசியும் ரத்தமுமாக ஹால் கிடந்த கிடப்பைப் பார்க்க முடியவில்லை.

பேராச்சி அந்த நல்ல சேலையைக் கிழித்து என் கையைக் கட்டி, டாக்சி பிடித்து சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தையல் போட்டு முடிந்ததும் வீட்டுக்குப் போ என்றேன். சாப்பிடத்தான வந்தேன் என்றாள். அதற்குள் ஹாலைக் கழுவிவிட்டு, மிச்சம் இருந்ததைச் சமைத்துப் பந்தி போட்டிருந்தார்கள். திரும்பி வந்து ஹாலுக்குள் முன் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிசைந்து ஒரு வாய் வைத்துவிட்டு, உப்பே இல்ல, இந்தச் சோத்துக்கா எங்க அப்பா வெரலக் குடுத்தாரு என்றாள். ஆனாலும் இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கை கழுவும்போது, உனக்குப் பேரன் பொறந்திருக்கானாமே, என்ன பேரு என்று கேட்டாள். இன்னும் வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கத்தியைப் போலீஸ்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அங்கேயே கிடக்கட்டும். நடுப்பக்கத்துக்குப் பூலோகத்தின் கதையை எழுதிக் கொடுத்திருக்கிறேன், போடவில்லை என்றால் இன்னொரு சண்டை இருக்கிறது. நீ வேலை வேலை என்று அலையாமல் நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளைக்கு அந்த ஊர்க் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் உடனே துவட்டச் சொல்லு. அவன் தாயும் தகப்பனும் மெச்ச வளர்ந்து, யார் வீட்டு வாசலிலும் தலைநிமிர்ந்து நிற்கக் கர்த்தர் அவனை ஆசீர்வதிப்பார். ஞாயிற்றுக்கிழமை பேராச்சி என் கையைப் பார்க்க வருகிறாள், போனில் பிள்ளையின் போட்டோவைக் காட்டச் சொல்லுவாள், மறுபடியும் கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்து நான் சொல்லக்கூடிய ஒரு பெயரை எனக்கு எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
ஜோஸ்பின்