பட்டியலில் விடுபட்ட பெயர்

மினதி,

பிரம்மபூர் ரயிலில் களைத்து வந்திருப்பாய். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த பகாளாச் சோறு சட்டியில் இருக்கிறது. வடகம் கருகியதற்கு நானே பொறுப்பு.

நேற்று என் கோர்ட்டில் ஓர் அடிதடி வழக்கு. போலீஸ் ஒருவன்மேல் மட்டும் குற்றம் சாட்டியிருந்தது. சாட்சி இன்னொருவனையும் சொன்னதால் அவனுக்கும் சம்மன் அனுப்பச் சொன்னேன்.

"போலீஸே விட்டுட்ட ஆளை நாம எதுக்குங்கய்யா கூப்பிடணும்?" என்றார் கிளார்க்.

"விட்டது அவங்க. படிச்சுப் பாக்குறது நம்ம வேலையாச்சே!" என்று அதட்டிய பிறகுதான் நம் வீட்டு வழக்கு நினைவுக்கு வந்தது.

தீர்ப்பு எழுத விடவில்லை என்று, நீ கோபித்துக்கொண்டு போன இந்த இருபது நாளாக உன் ஆர்மோனியத்தின்மேல் மட்டுமே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறேன். அன்று உன்னிடம் கத்தியவன் பெயர் பட்டியலிலேயே இல்லை. சேர்த்துவிட்டேன். ஆறு மணிக்கு நேரில் ஆஜராவான்.

உன் நிரஞ்சன்

கேஸ் சிலிண்டர் வரும், வாங்கி வை.

ஆர்மோனியத்தையும் கொண்டுவந்திருக்கிறாய்தானே? இந்த அமைதியில் எனக்கு ஒரு வரிகூட எழுத ஓடவில்லை.