பின் வரிசையில் மூன்றாவது வண்டி

நவம்பர் 24, திங்கள்

இன்று டிரெய்லரில் பதினோரு புது வண்டிகள் வந்தன. இறக்கிய டிரைவர், இஞ்சின் சூடேறுவதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டான்.

"யோவ், பொறந்த கொயந்தய ஓட்டப் பந்தயத்துக்கு வுடுவியா?" என்றேன்.

"வண்டி உன்னுதா பெருசு?" என்று சிரிக்கிறான்.

என்னுடையது இல்லைதான். ஆனால் இந்த வேலப்பஞ்சாவடி யார்டில் பதினாறு வருடமாக, டெலிவரிக்குப் போகும்வரை புது வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன் இந்த வேம்புலிதான். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்வேன். ஆக்சிலேட்டரைத் தொடமாட்டேன். ரேடியேட்டர் ஃபேன் ஒருதரம் சுற்றி நிற்கும்வரை காத்திருந்து அணைப்பேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. சர்வீஸ் மேனேஜர் ஸ்ரீராம் படித்தவன், திருச்சிக்காரன், இருபத்தொன்பது வயது. "ஃபேக்டரிலயே ஓட்டிப் பாத்துதான் அனுப்புறாங்கண்ணே. இப்ப வர்ற இஞ்சினுக்கு இவ்ளோ தாலாட்டு வேணாம்" என்கிறான். மேனேஜர் நாற்காலி எனக்கு வரவேண்டியது. சர்டிபிகேட் இல்லை என்று தள்ளிவிட்டார்கள்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை விட்டது. நேற்று முழுக்க யார்டின் பின்பக்கப் பள்ளத்தில் தண்ணீர். அங்கே நிற்கும் வண்டிகள் சரிவில் மூக்கு கீழாக நிற்பவை. காலையில் தண்ணீர் வடிந்திருந்தது. வண்டிகளின் உட்புறம் காய்ந்துதான் இருந்தது. சேற்றுக்கோடு பம்பருக்கு மேல் ஏறவில்லை என்று பார்த்தேன். பார்த்தேனா?

ஸ்ரீராம் வாட்ஸாப்பில் போட்டிருந்தான்: 'பின் வரிசையை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நான் வந்து ஏர் ஃபில்டரைப் பார்த்த பிறகுதான்.'

யாருக்குச் சொல்கிறான்? எனக்கா?

முதல் இரண்டின் பேட்டரி செத்திருந்தது. மூன்றாவது வெள்ளை வண்டி. சாவியைத் திருப்பினேன். இரண்டு சுற்று சுற்றியது. டக். நின்றுவிட்டது.

பெரிய சத்தம் இல்லை. பல் உடைகிற மாதிரி ஒன்று. உள்ளங்காலில் வந்து ஏறியது.

ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். ஒரு சொம்பு தண்ணீர் இருந்தது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அமுக்கப் பார்த்தால் பிஸ்டனைத் தாங்கும் ராடு வளையும். இதைப் பத்துப் பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

பிளக்குகளைக் கழற்றிச் சுற்றவிட்டேன். மூன்று சிலிண்டரில் நடு ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாவற்றையும் துடைத்து, ஃபில்டரை ஜெனரேட்டர் மேல் காயவைத்து, மாட்டித் திருப்பினேன். எடுத்துக்கொண்டது. நன்றாகவே ஓடியது.

ஸ்ரீராம் பதினொரு மணிக்கு வந்தான். "எதையும் தொடலையேண்ணே?"

"நா ஏன் தொடப்போறேன்?"

டப்பாக்களைத் திறந்து பார்த்தான்; மூன்றாவது வண்டியில் நான் காயவைத்த ஃபில்டர்தான் இருந்தது.

டிசம்பர் 3

வெள்ளை வண்டியில் டிக், டிக் என்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

டிசம்பர் 6, சனி

ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நடுவில்தான். வாட்ச்மேன் துலுக்கானம் எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை.

"இன்னா நைனா, இஞ்சின் உன் கைல ரகசியம் பேசுதா?"

"ஆமா, உன் வண்டவாளத்தச் சொல்லுது" என்றேன். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் செருகிக்கொண்டேன்.

ராடு ஒரு நூல் வளைந்திருந்தால் போதும். ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடினாலும் ஓடும். நூறாவது கிலோமீட்டரில் உடைந்து இஞ்சின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்தாலும் வரும். சைலன்சர் குழாயில் ஆயில் கொட்டினால் தீ. எப்போது என்று யாரால் சொல்ல முடியும்?

ராஜம்மா திட்டுகிறாள். "சோத்தப் பெசஞ்சிகினே கீற, துன்ன மாட்ற. இன்னாய்யா ஆச்சி உனுக்கு?"

கட்டியவளிடமே சொல்ல முடியவில்லை.

டிசம்பர் 13, சனி

அந்த வண்டிக்கு ஆள் வந்துவிட்டது. ஜெபா என்று ஒரு பெண். ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் நாகர்கோவில். அம்மா ஞானம்மாளும் இரண்டு வயது மகளும் கூட வந்திருந்தார்கள்.

"ஐயா, முதல் ஆயிரம் கிலோமீட்டர் எப்படி ஓட்டணும்? ஆளுக்கொண்ணு சொல்லுதாங்க."

சொன்னேன். எண்பதைத் தாண்டாதே. ஒரே வேகத்தில் வெகுதூரம் போகாதே. ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதே. நான் சொல்லச் சொல்ல போனில் எழுதிக்கொண்டாள். பதினாறு வருடத்தில் ஒருத்தரும் எழுதிக்கொண்டதில்லை.

"கிறிஸ்மஸுக்கு இதுலதான் ஊருக்குப் போறோம். நான்தான் ஓட்டப்போறேன்."

எழுநூறு கிலோமீட்டர்.

"ரயில்ல போலாமேம்மா" என்றேன்.

ஞானம்மாள் சிரித்தாள். "நல்லா இருக்கே! கார் விக்க எடத்துல நின்னுட்டு ரயில்ல போகச் சொல்லுதீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

டிசம்பர் 15, திங்கள்

கதவில் கீறல் இருக்கிறது, டெலிவரியைத் தள்ளிப் போடுங்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் பாலிஷ் போட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை நாள் சரியில்லை என்றேன். அவர்கள் நாள் பார்ப்பதில்லையாம்.

டெலிவரிக்கு முந்தைய சோதனைத் தாள் கைக்கு வந்தது. 'இஞ்சின் சத்தம்: சரி / சரியில்லை.'

'சரி'யில் டிக் போட்டுக் கையெழுத்து வைத்தேன். நான்தான் வைத்தேன்.

டிசம்பர் 17, புதன்

மத்தியானம் ஜெபா போன் செய்தாள். "ஐயா, திண்டிவனத்துல நிறுத்தி இஞ்சினை ஆறவிடணுமா? பாப்பா சீட்டைப் பின்னாடி மாட்டலாம்லா?"

சிக்னல் இல்லாதவன் மாதிரி துண்டித்துவிட்டு நேராக ஸ்ரீராமிடம் போனேன்.

"அந்த வெள்ள வண்டி வெளிய போவக் கூடாது."

"ஏண்ணே?"

"தண்ணி குடிச்ச வண்டி அது. நீ வேணான்னு போட்டும் நாந்தான் ஸ்டார்ட் பண்ணேன்."

கத்துவான் என்று தயாராக நின்றேன். கத்தவில்லை. "பதினஞ்சு நாளா ஏண்ணே சொல்லல?"

"உன் கைல சொல்றதுக்குச் செத்துடலாம்னு இருந்துச்சிப்பா."

சிலிண்டருக்குள் அமுக்கத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தான். ஓரத்து இரண்டும் ஒன்றுபோல் காட்டின. நடுவில் முள் அந்த அளவுக்கு ஏறவில்லை. கேஜை என் கையில் கொடுத்தான்.

டிசம்பர் 18, வியாழன்

ஜெபா மகளுக்குப் புதுச் சட்டை போட்டு அழைத்து வந்திருந்தாள். ஸ்ரீராம், "மழையில தண்ணி போயிருச்சு மேடம்" என்று ஆரம்பித்தான். என் பெயரைச் சொல்லவில்லை. அவன் எனக்குப் பிச்சை போட வேண்டாம். நானே சொன்னேன்.

"அன்னைக்கு எண்பதைத் தாண்டாதேன்னு சொன்னீங்களே ஐயா. இதைத் தெரிஞ்சுகிட்டா சொன்னீங்க?"

"ஆமா."

அவள் திட்டியிருக்கலாம். ஞானம்மாள் குழந்தையை என் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் காலோடு சேர்த்துக்கொண்டாள். வேறு வண்டி தருகிறோம் என்று சேல்ஸ்காரர்கள் கெஞ்சினார்கள். இங்கிருந்து எந்த வண்டியும் வேண்டாம் என்று ஜெபா புக்கிங்கை ரத்து செய்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயந்திரம் யார்டு சாவிகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இனி டயருக்குக் காற்று மட்டும்.

டிசம்பர் 25

எப்படிப் போனார்களோ. போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஜனவரி 5, திங்கள்

இஞ்சினைப் பிரித்துவிட்டார்கள். ஸ்ரீராம் அந்த ராடைக் கொண்டுவந்து காட்டினான். கண்ணுக்கு நேராகத்தான் தெரிந்தது. கண்ணாடிப் பலகை மேல் வைத்தான். ஆடியது.

பின் வரிசையில் புதிதாக ஒன்பது வண்டிகள். ஸ்ரீராம் சாவியோடு வந்து, "எடுக்கலாமாண்ணே?" என்றான்.

ஃபில்டர் டப்பாவைத் திறந்து விரலால் துழாவினேன். உலர்ந்திருந்தது.

"நா பாத்துட்டேன். நீயும் ஒருவாட்டி பாத்துடு."

பார்த்தான். அவன் சாவியைத் திருப்பும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.