குப்பையில் பிறந்த பேர்

ஏட்டி என் பவுனு,

நீ போயி இந்த ஆடியோட ஒரு வருசம் ஆச்சு. காலேஜுல படிச்ச பிள்ளைக்கு அஞ்சாப்பு அம்மா எழுதுத கடிதம் இது. தப்பு இருந்தா சிரிச்சுக்கோ.

உன் பையை நான் தொடவே இல்ல. போன வாரம் உன்கூடப் படிச்ச முத்துமாரி கோவில்பட்டியில இருந்து வந்தா. அவ வந்த பெறகுதான் பையைத் திறந்து உன் நோட்டை எடுத்துக் குடுத்தேன். ஒரு பக்கத்துல ‘குவானோசின்’னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டிருந்த. ஓரத்துல, ‘அம்மாட்ட சொல்லணும்.’

என்னட்டி சொல்ல நெனச்ச?

முத்துமாரிதான் விளக்குனா. எங்கேயோ தூரத்துக் கடல்ல மழை பெய்யாத தீவுகளாம். பறவை எச்சம் மலையாக் குமிஞ்சு கிடக்குமாம். அந்தச் சீமைச் சனங்க அதை வெள்ளாமைக்கு அள்ளிப் போடுவாவளாம். அந்த எருவுக்கு அவிய சொன்ன பேருதான் மருவி மருவி குவானோன்னு ஆச்சாம். அதுல இருந்து பிரிச்செடுத்த பொருளுக்கு ‘குவானின்’னு பேரு வச்சாவளாம். அதோட ஒரு சர்க்கரை சேந்தா குவானோசின். உசுருள்ள எல்லாத்துக்குள்ளயும் அது இருக்காம்.

“உங்களுக்குள்ளயும் இருக்கு சித்தி, கலெக்டருக்குள்ளயும் இருக்கு.”

“ஏட்டி, கலெக்டருக்குள்ள குப்பையா?”

“குப்பை இல்ல சித்தி, குப்பையோட பேரு.”

நீ போன பெறகு இந்த வீட்டுல அன்னைக்குத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிச்ச வாயை அப்படியே மூடிக்கிட்டேன். போன வருசச் சித்திரை மாசம் ஞாபகம் வந்துட்டு.

சாணமும் ஆட்டுப்புழுக்கையும் மக்கின குப்பையைக் கரிசலுக்குச் சுமந்துக்கிட்டிருந்தேன். நீ சிநேகிதப் பிள்ளைகளோட பஸ்ஸை விட்டு எறங்குன. “ஏ பவுனு”ன்னு கூப்பிட்டேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்ட.

சாயங்காலம் புஞ்சைக்கே வந்து, “அம்மா, ஒண்ணு சொல்லணும்”ன்ன.

“குப்பைக்காரிகிட்ட உனக்கென்னட்டி பேச்சு?”ன்னு கூடையைத் தூக்கிட்டு நடந்துட்டேன்.

மறுநாள் நீ ஆஸ்டலுக்குப் போயிட்ட. பெறகு நீயும் அந்தப் பேச்சை எடுக்கல, நானும் கேக்கல. ஆடியில காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோயிட்டு.

இந்தச் சித்திரையில நான் ஒரு கூடைகூடச் சுமக்கல. குப்பைக்குழி நெறஞ்சு வழியுது. புரட்டாசி விதைப்புக்கு முந்தி நம்ம புஞ்சைக்கு நானே சுமந்து போடுவேன், தாயி. மொதக் கூடையைக் கொட்டும்போது அந்தப் பேரை ஊருக்கே கேக்குத மாதிரிச் சொல்லுவேன்.

குப்பை சுமந்த கையால எழுதுத,
உன்னைப் பெத்த அம்மா.

கடிதத்தை முடிச்ச பெறகும் மனசு அடங்கல. அன்னைக்குப் புஞ்சையில நீ சொல்ல வந்தது இந்தப் பேரைத்தானா பவுனு, இல்ல, தலையைக் குனிஞ்சதைப் பத்தியா?