ஒரு கேசட் பிளேயரும் இரண்டாம் குரலும்

2005 அக்டோபர் 24, திங்கள்

1. இதை எழுதுபவன் எவரிஸ்தோ பின்தோஸ்; வயது ஐம்பத்திரண்டு; மொந்தேவிதியோ நகரின் நோட்டரி; நெலிதாவின் கணவன்.

2. மேற்படியான், கார்னிவல் மேடைகளில் முகத்தில் சாயம் பூசி நகரத்தையே கிண்டலடித்துப் பாடும் முர்கா குழு ஒன்றில் இவ்வாண்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளான். சேர்க்கை தற்காலிகமானது.

எவ்வளவு தற்காலிகம் என்பது இன்றைய ஒத்திகையில் தெரிந்தது. குழுத்தலைவர் வாஷிங்தோன் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

“நோட்டரி ஐயா, பக்கத்துல யார் நிக்கிறானோ அவன் குரலையே பாடுறீங்க. உங்களுக்குன்னு சொந்தமா ஒரு கருத்து கிடையாதா?”

பதினாறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிசம்பர் 15-க்குள், முதற்குரலுக்கு இணையாக வேறு சுரத்தில் ஒலிக்கும் இரண்டாம் குரல் மனப்பாடமாகி, யார் பக்கத்தில் நிறுத்தினாலும் நழுவாமல் நிற்க வேண்டும். இல்லையேல் மேடை இல்லை. என் பகுதியை மட்டும் வாஷிங்தோனே தனியே பாடி ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தார். எனக்குக் கிடைக்கும் ஓய்வு, கடற்கரைச் சாலை வழியாக அலுவலகம் போய்வரும் நடை மட்டுமே. நடந்துகொண்டே கேட்கக் கருவி வேண்டும்.

அக்டோபர் 26

மூன்று கடைகள். மூன்றாவதில், “கேசட்டா? அருங்காட்சியகத்துல கேட்டுப் பாருங்க” என்றார்கள்.

அக்டோபர் 29, சனி

இணைய ஏலத்தில் ஒன்று அகப்பட்டது. கையடக்க கேசட் பிளேயர், காதுக்கருவியுடன். விற்பவர் ஒஃபெலியா, செர்ரோ பகுதி. விவரம் இரண்டே சொற்கள்: “நல்லாப் பாடும்.” இது போதுமான விவரம் அன்று. அப்பக்கத்தின் கேள்விப் பகுதியில் ஒன்பது வினாக்களை முன்வைத்தேன்: முன்னைய உரிமையாளர்கள் யாவர், பொருளின் மீது பாத்தியதை எதுவும் உண்டா, முதலியன.

அக்டோபர் 30

ஒஃபெலியாவின் பதில்: “ஐயா, நான் விக்கிறது பாட்டுப் பெட்டி. வீடு இல்ல.”

அதன் கீழே முன்பின் அறியாத பதினான்கு பேர் சிரித்திருக்கிறார்கள். கூட்டம் கூடியதும் விலையும் ஏறியது. குறிப்பாக ‘தம்போர்’ என்ற புனைபெயர்க்காரர் விடாமல் விலையை ஏற்றிக் கேட்கிறார். என் எச்சரிக்கையே எனக்குப் போட்டியாளரைப் பிடித்துத் தந்திருக்கிறது.

நவம்பர் 5

எதற்காக இவ்வளவு பாடு என்று ஒஃபெலியா பொதுவில் கேட்டார். உண்மையைச் சொன்னேன்: முர்கா, இரண்டாம் குரல், டிசம்பர் 15.

ஒரு மணி நேரத்தில் தம்போர் எழுதினார்: “முர்காவுக்கா! முன்னாடியே சொல்லியிருக்கலாமே. நான் ஒதுங்கிக்கிறேன், அண்ணே.”

மகிழ்ச்சிதான். ஆனால் ஏலத்தில் ஒருவர் மற்றவருக்காக விலகுவது விற்பவருக்கு நட்டம் அல்லவா? முறையா அது? முறையன்று என்று எழுதிவிட்டேன்.

நவம்பர் 6, ஞாயிறு

தம்போர் ரோஷப்பட்டு மறுபடியும் கேட்கத் தொடங்கிவிட்டார்! ஏலம் முடிய நான்கு நிமிடம். நெலிதா, குடித்துக்கொண்டிருந்த மாத்தே பானக் குடுவையைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“விட்டுக் கொடுத்த மனுஷனை வலியக் கூப்பிட்டு சண்டைக்கு இழுத்தியா? பைத்தியமா உனக்கு? தள்ளு!”

தள்ளவில்லை. நானே விலையைத் தட்டினேன். ஒரு சைபர் விட்டுப்போச்சு — ஐயோ — திருத்தினேன் — மீண்டும் — பதினோரு விநாடி மிச்சம். கிடைத்தது! கிடைத்துவிட்டது! சமையலறையில் இருவரும் ஆடினோம். இதனைப் பதிவு செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தம்போரின் கடைசி வரி: “இப்போ முறையா இருக்கா?”

நவம்பர் 9

ஒஃபெலியா அலுவலகத்துக்கே வந்தார். மீன் சந்தையில் வேலை, சிரித்தால் சன்னல் அதிர்கிறது. ஒப்படைப்புப் பத்திரம் தயாராக வைத்திருந்தேன். ஐந்தாம் பிரிவு: “வாங்குபவர் கருவியை இயக்கிப் பார்த்து முழுத் திருப்தியுற்றார், இனி எக்காரணம் கொண்டும் முறையீடு இல்லை.”

“என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கையெழுத்துப் போடல” என்றார்.

நவம்பர் 21

வீட்டு ஸ்டீரியோவில் அதே கேசட்டைப் போட்டேன். வாஷிங்தோன் துரத்தப்பட்டவர்போல் பாடினார். ஸ்டீரியோ பழுது என்றேன். நெலிதா கடிகாரத்தை எடுத்தாள். ஸ்டீரியோ சரி. என் கருவிதான் மெதுவாக ஓடுகிறது; சுருதியும் தாழ்கிறது. பன்னிரண்டு நாள் நத்தை வேகத்தில் கற்றிருக்கிறேன்.

ஒஃபெலியாவை அழைத்தேன். “கொண்டாங்க, காசைத் திருப்பித் தர்றேன்” என்றார் உடனே.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் பிரிவு. கையெழுத்து என்னுடையது. முடியாது என்றேன்.

“அடக் கடவுளே, நீங்களே எழுதி நீங்களே மாட்டிக்கிட்டீங்களா!” சன்னல் இல்லாமலே தொலைபேசி அதிர்ந்தது. “சரி, கார்னிவலுக்கு வர்றேன். தம்போரையும் கூட்டிட்டு வர்றேன். இப்போ தினமும் எழுதிக்கிறோம்.”

மாற்றுக் கருவி இல்லை. இருபத்து நான்கு நாள். அதனுடனேயே நடப்பது என்று முடிவு. காலையில் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகக் கேட்பேன். மாலையில் கேட்காமல், வேகமாகப் பாடியபடி நடப்பேன். மீன்பிடிப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 15, வியாழன்

இரண்டு முதற்குரல்காரர்களுக்கு நடுவில் என்னை நிறுத்தினார்கள். இருவரும் காதருகே முழங்கினார்கள். நான் நழுவவில்லை.

வாஷிங்தோன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

“நீங்க எல்லாரும் வார்த்தையை முழுங்குறீங்க. இந்த ஆள் ஒவ்வொரு எழுத்தையும் கையெழுத்துக்கு நீட்டுற மாதிரி பாடுறாரு. எங்க ஐயா கத்துக்கிட்டீங்க?”

“ஐந்தாம் பிரிவில்” என்றேன்.

2006 பிப்ரவரி 3, வெள்ளி

இன்று மாலை ஏழு மணிக்கு, திறந்தவெளி மேடையில், பச்சைச் சாயம் பூசிய முகத்துடன், கீழே கையொப்பமிடுபவன் இரண்டாம் குரலைத் தொடக்கம் முதல் இறுதி வரை பாடினான் என்பதற்கு இதுவே சான்று. நோட்டரிகளைக் கிண்டல் செய்யும் வரிக்கு அதிகமாகக் கைதட்டியது முன்வரிசை. அங்கே ஒஃபெலியா, அவர் கையைப் பிடித்தபடி, தம்போர் என்று அறியப்பட்ட ருபேன், பக்கத்தில் நெலிதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

சேர்க்கை இனித் தற்காலிகமானது அன்று.

கையொப்பத்தின் மீதுள்ள பச்சைக் கறை திருத்தம் அன்று, செல்லும்.

எவரிஸ்தோ பின்தோஸ்

சாட்சிகள்:
நெலிதா அரோசேனா
ஒஃபெலியா மச்சின்
ருபேன் ஈத்துர்ரியா